வயசானவர் இளைத்துக்கொண்டே போனால்: டானிக்கா, பேக்கேஜா, ஸ்கேனா, பழகின டாக்டரா?

வயசானா இளைக்கத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு, ரவிக்கை தொளதொளத்ததுமே புற்றுநோய்தான் என்று பதறுகிறவர்களும் உண்டு. டயட் எதுவும் இல்லாமல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் எடை குறைந்தால், அதாவது 60 கிலோ ஆள் 57-க்கு வந்தால், காரணம் தேட வேண்டும். எப்படித் தேடுவது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை.

டானிக்கை முதலிலேயே தள்ளிவிடலாம். பசிக்கு என்று மெடிக்கலில் கேட்டால் கொடுக்கிற சிரப்புகள் பலவற்றில் சைப்ரோஹெப்டடின் என்ற அலர்ஜி மருந்து இருக்கும். வயசானவர்களுக்கு அது தூக்கக் கலக்கம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, சில நேரம் குழப்பம் என்று இழுத்துவிடும். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகிறவர் விழுந்தால் என்ன செய்வது?

மாஸ்டர் செக்கப் பேக்கேஜ் அப்படி இல்லை, பாதி உருப்படியானது. சர்க்கரை, தைராய்டு, கிட்னி, லிவர், மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எல்லாம் எப்படியும் தேவைப்படுகிறவைதான், ஏற்காட்டு எஸ்டேட் பக்கமிருந்து வெறும் வயிற்றோடு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவருக்கு ஒரே நாளில் முடிவதும் பெரிய விஷயம். ஆனால் பேக்கேஜ் வாயைத் திறந்து பார்க்காது. தட்டுவடை செட்டை நொறுக்கித் தின்ற பாட்டி இப்போது அதை ரசத்தில் ஊறவைத்துத் தின்கிறார் என்றால், "பல்லு செட்டு ஆடுது கண்ணு" என்கிற பதில் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. தாத்தா போனபின் ஒருத்திக்கு எதுக்கு அடுப்பு என்று ரெண்டு வேளை டீயும் வர்க்கியுமாக ஓட்டுவதும் வராது. மனச்சோர்வு இந்த வயதில் எடை இறங்க முக்கியமான காரணம், அழுகையாக வெளியே தெரியாது.

இதையெல்லாம் கேட்கிறவர் பழகின டாக்டர்தான், அதனால் என் ஓட்டு அவருக்கு. போகும்போது மாத்திரைப் பையை அப்படியே கொண்டுபோங்கள்: சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இதயத்துக்கான டிகாக்சின், ஞாபகமறதிக்குக் கொடுக்கிற டோனபெசில், மூன்றுமே பசியைக் கெடுக்கக்கூடியவை (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்). சர்க்கரை என்று சொல்லிச் சோற்றையும், பிரஷர் என்று உப்பையும் வீட்டார் பிடுங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல் என்றால் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம், நம் ஊரில் டிபியை மறந்துவிட்டு எடைக் குறைவைப் பேசவே முடியாது.

முழு உடம்பு சிடி, கூடவே புற்றுநோயின் அடையாளத்தை ரத்தத்தில் தேடுகிற ட்யூமர் மார்க்கர் பரிசோதனை? எடுத்த எடுப்பில் வேண்டாம். நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி, கிட்னியில் ஒரு நீர்க்கட்டி என்று எதையாவது காட்டும், அப்புறம் அதைத் துரத்துவதே வேலையாகிவிடும். விழுங்கும்போது அடைக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது, இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை, மஞ்சள் காமாலை, கட்டி என்று ஏதாவது இருந்தால் கதை வேறு, எண்டாஸ்கோபியோ சிடியோ டாக்டர் சொன்னதும் தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டும்.

அடிப்படைப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வந்தால் புற்றுநோய் ஒளிந்திருக்கும் வாய்ப்பு குறைவு. நாலில் ஒருவருக்குக் காரணமே பிடிபடாமல் போவதும் உண்டு. அப்போது டாக்டரை மாற்றிக்கொண்டே போகாமல், சாப்பாட்டுக்கு நடுவே முட்டை, சுண்டல், பால் என்று கொடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே மெஷினில் எடை பார்த்து எழுதிவைத்து, மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்தத் தாளோடு அதே டாக்டரிடம் போங்கள்.