கொல்லைப் பள்ளத்துக்குக் கோரையா, நாணலா?

மெல்பர்னின் மேற்குப் பக்கம் எங்கள் வீடு. கொல்லைக் கடைசியில் ஒரு பள்ளம்: குளிர்காலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், ஜனவரியில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணுக்கே உரிய செடிதான் வேண்டும் என்று தேடியதில் கடைசியில் நின்றவை இரண்டு: கேரெக்ஸ் அப்ரெஸ்ஸா என்கிற கோரை, ஃப்ராக்மைட்டீஸ் ஆஸ்ட்ராலிஸ் என்கிற நாணல்.

கரையைப் பிடிப்பதில் இரண்டும் கெட்டி. நாற்றும் இரண்டுக்குமே சுலபமாகக் கிடைக்கும். அழகு நாணலுக்குத்தான், ஆளுயரத்துக்கு மேல் அதன் பூங்கதிர் காற்றில் சாய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குளிர்காலத்தில் காய்ந்து பழுப்பாக நிற்கும், அது வேறு கதை.

நான் நட்டது கோரையை. காரணம், பிற்பாடு செய்ய வேண்டிய வேலை. நாணல் மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பரவும். மூலையில் நாலு வைத்த நண்பர் இப்போது கடப்பாரையோடு அலைகிறார். அறுத்தால் துளிர்க்கிறது; தோண்டினால் மண்ணில் தங்கிய ஒரு துண்டு போதும், மறுபடி முளைத்துவிடும். ஏரிக்கரை, ஆற்றங்கரை என்றால் அந்தப் பரவலே வரம். கதிர்க்குருவிகள் அதில்தான் கூடு கட்டும். ஏழு சதுர மீட்டர் பள்ளத்துக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

கேரெக்ஸ் குத்தாக, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு, வைத்த இடத்திலேயே நிற்கும். விதை விழுந்து முளைக்கிற குட்டிகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். தண்ணீர் நின்றாலும் தாங்கும், காய்ந்தாலும் தாங்கும். மழைநீரை வடிகட்டும் பாத்திகளில் நைட்ரஜனை உறிஞ்சுவதில் அது முன்வரிசை என்று மோனாஷ் பல்கலைக்கழகச் சோதனைகள் காட்டின. மெல்லிய வேர்கள் அடர்ந்திருப்பதுதான் அதன் பலம்.

குறையும் உண்டு. இலை விளிம்பு ரம்பம்; கையுறை போடாமல் காய்ந்த தாளை உருவி இரண்டு விரலைக் கிழித்துக்கொண்டேன். சதுர மீட்டருக்கு ஆறு வீதம் 42 நாற்று நட்டேன். மறுநாள் காலை 11 நாற்று வேரோடு மல்லாந்து கிடந்தது. நீலத் தாழைக்கோழி என்கிற நீர்ப்பறவையின் கைவரிசை. வலை போட்ட பிறகுதான் மிச்சம் பிழைத்தது.

பள்ளத்துக்கு மேலே, தண்ணீர் நிற்காத வரப்பில் லொமாண்ட்ரா என்கிற, புல் மாதிரி குத்தாக வளரும் செடி பத்து வைத்திருக்கிறேன். அவை ஒரே ஒரு கோடையைத்தான் பார்த்திருக்கின்றன. இதுவரை ஒன்றும் சாகவில்லை. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்லலாம்.