பதிவேட்டில் எழுதுவதா, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதா?

நாமக்கல், ஈரோடு பக்கம் ‘கோச்சிங்’ என்றாலே நீட் வகுப்புதான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது வேறு. தலைமையாசிரியரே தன் ஆசிரியர்களுக்குப் பயிற்றுநராக இருப்பது: பாடத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பது, ஆசிரியரையே யோசிக்கவிடுவது, ஒரே ஒரு மாற்றத்தைச் சேர்ந்து முடிவு செய்வது, அடுத்த வாரம் மறுபடி போய்ப் பார்ப்பது. பழகிய முறை நமக்குத் தெரிந்ததுதான். பருவத்துக்கு ஒருமுறை முழுப் பாடவேளையும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாடக்குறிப்பைச் சரிபார்த்து, உற்றுநோக்கல் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. இரண்டையும் நடத்திப் பார்த்த பின் எங்கள் சாய்வு பயிற்றுநர் முறைப் பக்கம்தான்.

பதிவேடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மேலதிகாரி கேட்டால் காட்ட எழுத்து வேண்டும். ஆசிரியர் தினமும் தாமதமாக வந்தாலோ, பிள்ளை மேல் கை வைத்தாலோ உட்கார்ந்து பேசி யோசிக்கவைக்கிற வேலையே கிடையாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல், மனத் தண்டனையைத் தடை செய்கிறது. அங்கே எழுத்துமூல நடவடிக்கைதான்.

ஆனால் கற்பித்தல் மேம்படப் பதிவேடு உதவுவது குறைவு. ‘மாணவர் பங்கேற்பை அதிகரிக்கவும்’ என்று எழுதினால், மறுநாள் காலை முதல் பாடவேளையில் அந்த ஆசிரியர் எதை மாற்றுவார்? அந்த வரியில் அதற்கு விடை இல்லை. பார்வை நாள் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், அன்றைக்கு நடப்பதும் ஏற்கெனவே நடத்திப் பழகிய பாடமாக இருக்கும்.

பயிற்றுநர் முறைக்கு வேண்டியது ஒரு வெள்ளைத் தாள். பெஞ்சுகளைக் கட்டங்களாக வரைந்து, 10 நிமிடம் உட்கார்ந்து, ஆசிரியர் எந்தப் பிள்ளையிடம் கேட்கிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். வேறு எதையும் எழுத வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் அரையும் காலும் கூட்டுகிற பாடம் என்று வைத்துக்கொள்வோம். முன்வரிசையில் பதினான்கு கோடு, கதவோரக் கடைசி பெஞ்சில் ஒன்றுகூட இல்லை. திருப்பூர்ப் பள்ளி என்றால் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க் குடும்பத்துப் பிள்ளைகள் அந்த பெஞ்சில் இருக்க வாய்ப்பு அதிகம். அன்றைக்கே இடைவேளையில், தனியாக, அந்தத் தாளை ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டுப் பேச வேண்டும்.

“இதைப் பார்த்தா என்ன தோணுதுங்க டீச்சர்?”

“முன்னாடி இருக்கறவங்ககிட்டயே கேட்டுட்டு இருந்திருக்கேனுங்க சார். கடைமடைக்குத் தண்ணியே போகலீங்க.”

கீழ்பவானிக் கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. “அடுத்த வாரம் எதை மாத்திப் பார்க்கலாமுங்க?” என்று மட்டும் கேட்டால் போதும். யோசனை வராமல் தடுமாறினால் ஒன்றைக் கொடுக்கலாம்: கேள்வி கேட்டபின் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு, அப்புறம் பெயரைக் கூப்பிடுவது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அளந்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப்பின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

பெரும்பாலோர் பின்வாங்குவது நேரத்தை நினைத்துத்தான். கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். பன்னிரண்டு ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் பதிவேட்டு முறைக்கு ஆளுக்கு 40 நிமிடப் பார்வை, 20 நிமிட எழுத்து: பருவத்துக்கு 12 மணி நேரம். பயிற்றுநர் முறையில் 10 நிமிடப் பார்வை, 15 நிமிடப் பேச்சு. பன்னிரண்டு பேரையும் வாராவாரம் எடுத்தால் வாரத்துக்கே 5 மணி நேரம். மூன்றாவது வாரம் நின்றுபோகும். பருவத்துக்கு நான்கு பேர், ஆளுக்கு வாரம் ஒருமுறை, ஆறு வாரம் என்று வைத்தால் மொத்தம் 10 மணி நேரம்தான். மூன்று பருவத்தில் எல்லோரும் முடிந்துவிடுவார்கள். முதல் நால்வரில் மூத்தவர் ஒருவராவது இருக்கட்டும். இல்லையென்றால் ‘பாடம் எடுக்கத் தெரியாதவங்க பட்டியல்’ என்று ஸ்டாஃப் ரூமில் பெயர் விழும்.

இதில் உயிர்நாடி அந்த மறுபார்வை. கூட்டம், எமிஸ் (கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவு என்று ஒரு வாரம் தள்ளிப்போனால் பரவாயில்லை. இரண்டு வாரம் போகாவிட்டால் ஆசிரியர் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுவார், தலைமையாசிரியர் மறந்துவிட்டார் என்றும் முடிவு கட்டிவிடுவார். கால அட்டவணையிலேயே அந்த 10 நிமிடத்தைக் குறித்து வையுங்கள். ஒரே பேச்சில் மூன்று மாற்றம் சொன்னால் ஒன்றும் நடக்காது. எல்லாவற்றையும்விட மோசமானது, கோடு போட்ட தாளைப் பிறகு பதிவேட்டில் சேர்ப்பது. ஒருமுறை அப்படி நடந்தால் அப்புறம் யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள். தாள் ஆசிரியரிடமே இருக்கட்டும்.

கிராஃப்ட், பிளேசர், ஹோகன் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் மூவரும் 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட முடிவிலும் பயிற்றுநர் முறையால் கற்பித்தல் மேம்பட்டதாகத் தெரிகிறது. ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைந்திருக்கிறது. அதனால் வட்டாரம் முழுக்க ஒரே உத்தரவில் இதைக் கொண்டுவருவதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருக்கடியில் இது எவ்வளவு தாங்கும் என்பதிலும் எங்கள் அனுபவம் போதாது.

அந்தியூர், தாளவாடி மலைப்பக்கத்து ஈராசிரியர் பள்ளிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தலைமையாசிரியரே இரண்டு மூன்று வகுப்பைக் கையில் வைத்திருப்பார். அங்கே இருவரும் தங்கள் பாடத்தில் 10 நிமிடத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, பள்ளி விட்டபின் ஒருவர் பாடத்துக்கு இன்னொருவர் கோடு போட்டுப் பார்க்கலாம். கைப்பேசியைக் கரும்பலகைப் பக்கம் திருப்பாமல் பிள்ளைகள் பக்கம் திருப்பி வையுங்கள்; பார்த்து முடித்ததும் அந்தப் பதிவை அழித்துவிடுங்கள்.