பதினைந்து புள்ளியும் ஒரு பணியாரமும்

எங்கள் பக்கம் 'புள்ளி' என்றால் கல்யாணமான ஒரு குடும்பம்; கோயில் வரியும் புள்ளிக் கணக்குதான். அதனால் காரைக்குடி வீட்டு வளவில் "எல்லாரும் புள்ளி போடுவோம்" என்று நான் சொன்னதும், "எவ்வளவுப்பா?" என்று ஒரு பங்காளி பதறினார். நான் கேட்டது பணமில்லை. அண்ணனின் சாந்திக் கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, மாலைப் பலகாரம் எது என்பதுதான் வழக்கு.

ஆளுக்கொரு காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்து, மூன்று பலகாரத்தையும் பிடித்த வரிசையில் எழுதச் சொன்னேன். பதினைந்து சீட்டு வந்தது.

6 சீட்டு: கவுனி அரிசி (கறுப்பரிசி இனிப்பு), வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம்.
5 சீட்டு: கந்தரப்பம், பணியாரம், கவுனி.
4 சீட்டு: பணியாரம், கந்தரப்பம், கவுனி.

நம் சட்டமன்றத் தேர்தல் மாதிரி முதலிடத்தை மட்டும் எண்ணினால் 6 ஓட்டில் கவுனி. மீதி ஒன்பது பேருக்கும் அது கடைசி என்பது எண்ணிக்கையில் வரவே வராது.

குடியரசுத் தலைவர் தேர்தல் மாதிரி, குறைந்த ஓட்டு வாங்கியதை நீக்கி அடுத்த விருப்பத்துக்கு மாற்றினால்? 1969-இல் முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், வி.வி.கிரி இப்படித்தான் கரையேறினார். இங்கே பணியாரம் முதலில் வெளியேறும். அதன் 4 ஓட்டும் கந்தரப்பத்துக்குப் போய், 9-க்கு 6 என்று அது ஜெயிக்கும். ஆனால் வெளியே போன பணியாரம் நேருக்கு நேர் நின்றால் கவுனியை 9–6 என்றும், கந்தரப்பத்தை 10–5 என்றும் தோற்கடிக்கும். இருவரையும் வீழ்த்தக்கூடியவரை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்புவது என்ன நியாயமோ.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் கணித அறிஞருமான போர்டா 1770-இல் முன்வைத்த புள்ளிமுறையில் முதலிடத்துக்கு 2, அடுத்ததற்கு 1, கடைசிக்கு 0. பணியாரம் 19, கந்தரப்பம் 14, கவுனி 12. பசிபிக் தீவான நவுரு 1971 முதல் வேறு அளவு வைத்திருக்கிறது: 1, அரை, மூன்றில் ஒன்று. நம் சீட்டுகளுக்கு அதைப் போட்டால் பணியாரம் 9.5, மற்ற இரண்டும் 9. முதலிடத்துக்குக் கனம் கூடக்கூட, எல்லாருக்கும் ஓரளவு பிடித்ததின் முன்னிலை கரைகிறது.

இப்படிப் பார்த்தால் போர்டாதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அதில் தில்லுமுல்லுக்கு இடமுண்டு. கந்தரப்பக் கட்சியில் ஒருவர், "பணியாரத்தைக் கடைசியில தள்ளிருவோம்" என்று கிசுகிசுத்தார். ஐந்து பேரும் அப்படியே எழுதினால் கந்தரப்பம் 14, பணியாரம் 14, கவுனி 17. தங்களுக்குப் பிடிக்காததையே பந்தியில் ஏற்றிவிடுவார்கள்! போட்டுக் காட்டியதும் அடங்கினார்.

அதைவிட நுட்பமான வேலை பட்டியலை நீட்டுவது. "அதிரசத்தையும் சேர்ப்பா" என்றார் இன்னொருவர். எல்லாரும் அதைக் கந்தரப்பத்துக்கு நேர் கீழே எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு 3, 2, 1, 0 போட்டால் பணியாரமும் கந்தரப்பமும் 29–29. அதிரசத்துக்கு ஒரு முதலிடமும் கிடையாது. ஆனாலும் ஐந்து புள்ளி முன்னிலையை அழித்துவிட்டது. குடியரசுத் தலைவர் தேர்தலின் மாற்றுமுறை இதற்கு அசையாது. அதிரசம்தான் முதலில் கழியும்.

ஆகவே கோயில் காரியக்காரர் (நிர்வாகி) மாதிரி, போட்டிக்கு ஆள் பிடித்து நிறுத்துகிற பதவிக்கு நான் மாற்றுமுறையைத்தான் சொல்வேன். பலகாரத்துக்குப் புள்ளி போதும். அடுத்த தடவை பட்டியலை முந்தின நாளே முடித்து, சீட்டை மடித்து வாங்கப்போகிறேன். இந்தத் தடவை பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும். சமையல்காரருக்கு அன்றைக்கே சொல்லியாயிற்று.