கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் மாதிரி வினாத்தாள்: திருப்பூரில் வைத்துப் பழகியவரின் மதிப்புரை

கொங்கு வட்டாரத்தில் ஆங்கிலம் கற்றுத்தரும் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. கோவை காந்திபுரத்திலும் திருப்பூர் அவிநாசி சாலையிலும் கண்ணில் படும் விளம்பரப் பலகைகளில் பெரும்பாலானவை, ஆங்கிலம் பேசத் தயங்குகிறவரைப் பேச வைப்பதாக உறுதி கூறுபவை. அந்தத் தயக்கத்தை எப்போதோ தாண்டிவிட்டவர்களுக்கு, அதாவது வெளிநாட்டு பையருக்கு (சரக்கை வாங்குபவருக்கு) நாள்தோறும் மின்னஞ்சல் எழுதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசருக்கும், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பொறியியல் பட்டதாரிக்கும், அடுத்த படியில் ஏற உதவும் பயிற்சி இங்கே அரிதாகவே கிடைக்கிறது. அவர்கள் எழுதுவது புரிகிறது, வேலையும் நடந்துவிடுகிறது. ஆனால் கையில் இருக்கும் சில வாக்கிய அமைப்புகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் இளைஞர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் அமர்ந்து ஆங்கிலம் பழகி வருபவன் என்ற முறையில், இப்படிப்பட்டவர்களுக்கு உண்மையிலேயே பயன்பட்ட ஒரு பொருளைப் பற்றி எழுத விரும்புகிறேன். அது ஆங்கிலத் தேர்வுகளை நடத்தும் கேம்பிரிட்ஜ் நிறுவனம் தன் இணையதளத்தில் கட்டணமின்றி வழங்கும் பி2 ஃபர்ஸ்ட் தேர்வின் மாதிரி வினாத்தாள், அதிலும் குறிப்பாக ‘ரீடிங் அண்ட் யூஸ் ஆஃப் இங்கிலீஷ்’ என்னும் முதல் தாள்.

ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் உள்ளன. அவற்றில் நான்காவதான பி2-வைத்தான் இடைநிலைக்கு மேற்பட்ட நிலை என்கிறோம். கேம்பிரிட்ஜின் இந்தத் தேர்வு 1939-ல் வேறொரு பெயரில் தொடங்கி, 1975-ல் ஃபர்ஸ்ட் சர்டிபிகேட் என்று பெயர் மாற்றம் பெற்றது. வாசிப்புக்கும் மொழிப் பயன்பாட்டுக்கும் தனித்தனியாக இருந்த இரண்டு தாள்களை 2015-ல் ஒன்றாக இணைத்தார்கள். அந்த இணைப்பின் பயனாக, இலக்கணம், சொல்வளம், வாசிப்பு மூன்றையும் 75 நிமிடங்களில் ஒருசேரச் சோதித்துக்கொள்ள ஒரே தாள் நமக்குக் கிடைக்கிறது. ஏழு பகுதிகள், 52 கேள்விகள், படிக்க வேண்டியது மொத்தம் 2,200 முதல் 2,500 சொற்கள் வரை. பணம் கட்டித் தேர்வு எழுதும் எண்ணம் இல்லாதவர்களும் இதைப் பயிற்சிக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்; எங்கள் குழுவில் அநேகமாக அனைவரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இந்தத் தாளை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் ஒன்றே. எந்த விதியைப் பயன்படுத்த வேண்டும் என்று அது சொல்வதில்லை. நம் பள்ளித் தேர்வுகளில் இலக்கணக் கேள்வி தன் கட்டளையோடு வரும்: செயப்பாட்டு வினையாக மாற்றுக, அயற்கூற்றாக மாற்றுக, இரண்டு வாக்கியங்களையும் இணைக்க. கட்டளை கிடைத்தால் நம் பிள்ளைகள் பிழையின்றி மாற்றிவிடுவார்கள். அந்த அளவுக்குப் பயிற்சி இருக்கிறது. ஆனால் பையருக்கு எழுதும் கடிதத்தில் இங்கே செயப்பாட்டு வினை போடு என்று யாரும் பக்கத்தில் நின்று சொல்லப்போவதில்லை. விதியைத் தெரிந்து வைத்திருப்பதற்கும், அதை எங்கே எடுக்க வேண்டும் என்று தாமாகவே கண்டுகொள்வதற்கும் இடையில் உள்ள தூரத்தில்தான் இடைநிலைக் கற்போர் தேங்கி நிற்கிறார்கள். இந்தத் தாள் வேலை வாங்குவது சரியாக அந்த இடத்தில்.

நான்காம் பகுதியை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். ஒரு வாக்கியம் கொடுத்து, அதே பொருளில் இன்னொரு வாக்கியத்தை நிரப்பச் சொல்வார்கள். தடித்த எழுத்தில் ஒரு சொல் தரப்படும். அதை எந்த வகையிலும் மாற்றக் கூடாது. அதையும் சேர்த்து இரண்டு முதல் ஐந்து சொற்களுக்குள் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். ‘டோன்ட்’ போன்ற சுருக்க வடிவம் இரண்டு சொல்லாகக் கணக்கிடப்படும். எங்கள் குழுவுக்காக அதே முறையில் நான் எழுதிய ஒரு கேள்வியைக் காட்டுகிறேன். முதல் வாக்கியம்: ‘ஐ யம் சாரி ஐ டிட் நாட் ரிப்ளை ஏர்லியர்,’ செட் தி பையர். தரப்பட்ட சொல்: அபாலஜைஸ்ட். நிரப்ப வேண்டியது: தி பையர் ........ ஏர்லியர். நம்மில் பலர் உடனே எழுதுவது ‘அபாலஜைஸ்ட் தட் ஹீ டிட் நாட் ரிப்ளை’ என்பதே. பதில் எழுதாததற்கு வருந்துவதாகச் சொன்னார் என்ற தமிழ் வாக்கியத்தின் நடை அதற்குள் அப்படியே இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஆறு சொற்கள், வரம்பு ஐந்துதான். வரம்பு மீறியதும் எழுதியவர் நின்று யோசிக்க வேண்டியதாகிறது. அந்த வினைச்சொல்லுக்குப் பின் ‘ஃபார்’ வர வேண்டும், அதற்குப் பின் வினை ‘இங்’ வடிவம் கொள்ள வேண்டும், எதிர்மறை அதற்கு முன்னால் அமர வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேடி, ‘அபாலஜைஸ்ட் ஃபார் நாட் ரிப்ளையிங்’ என்று நான்கு சொற்களில் வந்து சேர்கிறார். இப்படி ஒருமுறை பிடிபட்ட அமைப்பு அடுத்த வாரமே அவர் எழுதும் மின்னஞ்சலில் தலைகாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பகுதியில் ஆறு கேள்விகள்தான் உண்டு; ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். பாதி சரியாக இருந்தால் ஒரு மதிப்பெண் கிடைக்கும் என்பதால், தவறு எந்தப் பாதியில் என்பதும் தெரிந்துவிடுகிறது.

இரண்டாம் பகுதி இதற்கு அடுத்தபடியாகத் தமிழர்களுக்குத் தேவையானது. ஒரு பத்தியில் எட்டு இடங்களை வெற்றாக விட்டிருப்பார்கள்; தேர்ந்தெடுக்கச் சொற்கள் எதுவும் தரமாட்டார்கள். கேட்பதெல்லாம் பெரும்பாலும் சின்னஞ்சிறு சொற்கள்: ‘தி’, ‘ஆஃப்’, ‘விச்’, ‘தோ’, ‘சின்ஸ்’ போன்றவை. நம் மொழியில் ‘ஏ’, ‘தி’ போன்ற முன்னொட்டுச் சொற்கள் இல்லை. பெயரை விளக்கும் தொடரும் ‘நனைந்த பெட்டி’ என்பதுபோலப் பெயருக்கு முன்னாலேயே வந்துவிடும். இணைக்கத் தனிச் சொல் வேண்டியதில்லை. ஆகவே, முப்பது பெட்டிகள் வந்தன, அவற்றில் இரண்டு நனைந்திருந்தன என்று இரண்டு வாக்கியமாகச் சொல்லிப் பழகியவருக்கு, ‘தேர்ட்டி கார்ட்டன்ஸ், டூ ஆஃப் விச் வேர் வெட்’ என்று ஒரே மூச்சில் எழுதத் தோன்றுவதில்லை. இங்கே அந்த ‘ஆஃப்’ மறைந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் வருகிறது.

சொல்வளப் பயிற்சிக்கு முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் உள்ளன. முதல் பகுதியில் ஏறக்குறைய ஒரே பொருள் தரும் நான்கு சொற்களில் இடத்துக்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடன்பாட்டை எட்டுவதற்கு ‘அரைவ்’, ‘கம்’, ‘லீட்’, ‘ரீச்’ என்ற நான்கும் பொருந்துவது போலத் தோன்றினாலும், கோடிட்ட இடத்துக்குப் பின் ‘அட்’ என்றோ ‘டு’ என்றோ எதுவும் இல்லாவிட்டால் ‘ரீச்’ மட்டுமே நிற்கும். சொல்லின் பொருளை மட்டும் மனப்பாடம் செய்வதால் பயனில்லை, அது எதோடு சேர்ந்து வருகிறது என்றும் படிக்க வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் உணர்த்த முடியாது. மூன்றாம் பகுதியில் ஒரு வேர்ச்சொல்லைத் தந்து, தேவையான வடிவத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள். நம்பியிருத்தலைக் குறிக்கும் ‘ரிலை’ என்று கொடுத்தால், பலர் ‘ரிலையபிள்’ (நம்பத்தக்க) என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த வாக்கியத்தின் பின்பாதியில் அதனால் ஆர்டரையே ரத்து செய்தோம் என்று இருக்கும். எதிர்மறையான ‘அன்ரிலையபிள்’தான் விடை. கோடிட்ட இடத்தைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று சொற்களை மட்டும் பார்த்து விடை எழுதும் பழக்கம் இந்தப் பகுதியில் உடைகிறது. எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் கிடையாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வாசிப்புக்கான மீதி மூன்று பகுதிகளில் ஐந்தாவதும் ஏழாவதும் பழகிய வகையைச் சேர்ந்தவை. நீண்ட உரையைப் படித்து ஆறு கேள்விகளுக்கு விடை தேர்வது ஒன்று. பத்துக் கூற்றுகளில் எது எந்தப் பத்தியில் உள்ளது என்று கண்டுபிடிப்பது மற்றொன்று. ஆறாவது பகுதி மிகச் சிறப்பானது. ஒரு கட்டுரையிலிருந்து ஆறு வாக்கியங்களை உருவி எடுத்து, தேவையில்லாத ஒன்றையும் சேர்த்து ஏழாகக் கொடுக்கிறார்கள். எது எங்கே பொருந்தும் என்று சொல்ல வேண்டும். ‘திஸ்’ என்றால் முந்தைய வாக்கியத்தில் எதைக் குறிக்கிறது, ‘ஹவ்எவர்’ வந்தால் அதற்கு முன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கட்டுரையின் மூட்டுகளைத் தொட்டுப் பார்க்காமல் விடை கிடைக்காது. செய்தித்தாளை வேகமாகப் படித்துவிடுகிறேன் என்று சொல்லும் பலர் இங்கே தடுமாறுவதைக் காண்கிறேன். பின்னர் அவர்களே தாங்கள் எழுதும் கடிதங்களில் வாக்கியத்துக்கு வாக்கியம் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்குகிறார்கள்.

இவ்வளவு பாராட்டிய பிறகு, இந்தத் தாள் எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். இது சோதிக்கும்; கற்பிக்காது. விடைப் பட்டியலில் சரியான விடை இருக்குமே தவிர, மற்றது ஏன் தவறு என்ற விளக்கம் இருக்காது. தமிழில் ஒரு வரிகூட இல்லை. உரைகளின் களமும் பெரும்பாலும் ஐரோப்பிய வாழ்க்கையே. நம் ஊர்ச் செய்தி எதையும் அதில் எதிர்பார்க்கக் கூடாது. கட்டணமின்றிக் கிடைக்கும் தாள்களும் சிலவே என்பதால், அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தீர்த்துவிடுவது நல்லதல்ல. இந்தக் குறைகளை ஈடுகட்ட எங்கள் குழு பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். தாளை ஜெராக்ஸ் எடுத்து, கைப்பேசியை ஒதுக்கி வைத்து, 75 நிமிடக் கணக்கில் ஒருமுறை எழுதுகிறோம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் எதையும் வெற்றாக விடுவதில்லை. அடுத்த ஞாயிறு விடைப் பட்டியலைத் திறக்கும் முன், இருவர் இருவராக அமர்ந்து, தாம் எழுதியதற்குக் காரணம் சொல்லி வாதாடுகிறோம். காரணம் பிடிபடாத இலக்கணத்துக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் தளத்தைப் பார்க்கிறோம். அங்கே பி1–பி2 இலக்கணப் பகுதியில் முதலில் ஒரு சிறு சோதனை, பிறகு விளக்கம், பிறகு இன்னொரு சோதனை என்று பாடங்கள் அமைந்துள்ளன. அதற்கும் கட்டணம் இல்லை. புதிய சொற்களுக்கு கேம்பிரிட்ஜ் இணைய அகராதியைப் பயன்படுத்தினால், பல சொற்களின் பக்கத்தில் பி1, பி2 என்று நிலை குறிக்கப்பட்டிருக்கும். பி2 வரை உள்ளவற்றை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றி, அதற்கு மேற்பட்டவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கப்படும் ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வை எழுதப் போகிறவர்களும், இந்தத் தாள் தங்களுக்கு உதவுமா என்று கேட்கிறார்கள். அந்தத் தேர்வின் வாசிப்புத் தாளில் 60 நிமிடங்களில் 40 கேள்விகள் உண்டு. இலக்கணத்துக்குத் தனிப் பகுதி இல்லை. அதில் 5.5 முதல் 6.5 வரையிலான மதிப்பெண் பி2 நிலைக்கு ஒப்பானது. அந்த இடத்தில் நின்றுவிட்டு மேலே போக முடியாமல் இருப்பவர்கள், நேராக ஐஇஎல்டிஎஸ் தாள்களையே மீண்டும் மீண்டும் எழுதுவதைவிட, சில வாரங்கள் இந்தத் தாளின் முதல் நான்கு பகுதிகளைப் பழகினால் எழுத்துத் தாளில் பலன் தெரியும் என்பது என் கருத்து.

மதிப்பெண் போடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. மொத்தம் 70 மதிப்பெண்ணை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல், ஐந்தாம், ஆறாம், ஏழாம் பகுதிகள் சேர்ந்து வாசிப்புக்கு 42. இரண்டாம், மூன்றாம், நான்காம் பகுதிகள் சேர்ந்து மொழிப் பயன்பாட்டுக்கு 28. வாசிப்பில் 24-ம், மொழிப் பயன்பாட்டில் 18-ம் எடுத்தால் கேம்பிரிட்ஜ் அளவுகோலில் 160, அதாவது பி2 நிலையின் வாசல். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் முதல் எண் எளிதாக வந்துவிடுகிறது. இரண்டாவது எண் பின்தங்குகிறது. அப்படி இருந்தால் நான்காம் பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். வாசிப்பில் 16-க்கும் மொழிப் பயன்பாட்டில் 11-க்கும் கீழே நிற்பவர்கள் இந்தத் தாளை இப்போதைக்கு மடித்து வைத்துவிட்டு, அதே தளத்தில் கிடைக்கும் பி1 ப்ரிலிமினரி வாசிப்புத் தாளிலிருந்து தொடங்கலாம்; அது 45 நிமிடம், 32 கேள்விகள்.