நிழலை அவிழ்த்துவிட்ட சிறுவன்

மும்பை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் 80 ரூபாய்க்கு வாங்கிய உர்சுலா கே. லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ (1968) என்ற ஆங்கில மாயக்கதை நாவல், அட்டை கழன்ற பழைய பிரதிதான் என்றாலும், இரண்டே இரவுகளில் என்னைப் படித்து முடிக்க வைத்தது. கோண்ட் தீவில் தாயை இழந்து, ஆடு மேய்த்து வளர்ந்த கெட், மந்திரப் பள்ளியில் சக மாணவன் ஒருவனின் ஏளனம் பொறுக்காமல், எப்போதோ இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவியை அழைத்துக் காட்ட முயன்று, உருவமற்ற நிழலொன்றை உலகில் அவிழ்த்துவிடுகிறான். அது கிழித்த தழும்பு அவன் முகத்தில் நிலைத்துவிடுகிறது. ஒன்றின் மெய்ப்பெயரை அறிந்தவனுக்கே அது கட்டுப்படும் என்பதுதான் இங்கே மந்திரத்தின் இலக்கணம்.

கடைசி லோக்கல் ரயிலும் போய் அடங்கிய நேரத்தில், மரித்தோர் எல்லைவரை சென்று மரக்கட்டையாய்க் கிடந்த கெட்டின் கைகளையும் நெற்றிப்பொட்டையும் அவன் வளர்க்கும் சிறு விலங்கு நக்கி நக்கி உயிர்ப்பிக்கும் பக்கத்தை மறுபடியும் மறுபடியும் படித்தேன். பெண்களின் மந்திரத்தை இளப்பமாகப் பேசும் சொலவடைகள் மட்டும் உறுத்துகின்றன. இந்தக் குறையைப் பிற்காலத்தில் ‘தெஹானு’ (1990) நாவலில் லெ குவினே எதிர்கொண்டார். ஆங்கில நடை சற்றுப் பழையது, ஆகவே நிதானமாக வாசிக்கும் பதின்வயதினருக்கு வாங்கித் தரலாம்.