அந்த விளம்பரப் படத்தில் இருப்பது நான்தான்

மூன்று வாரங்களுக்கு முன் சிவகாசியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்கு ஒரு படத்தை அனுப்பி, “அக்கா, இது நீங்கள்தானே?” என்று கேட்டிருந்தாள். சென்னையில் நான் ஃபேஷன் டிசைனிங் படித்த தனியார் பயிற்சி நிலையத்தின் இந்த ஆண்டுச் சேர்க்கை விளம்பரம் அது. நான்கு முகங்கள், மூன்றாவது என்னுடையது. கீழே, “திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் டிசைனர், மாதச் சம்பளம் ரூ.45,000” என்று போட்டிருந்தார்கள்.

நான் டிசைனர் இல்லை. இப்போது வாங்கும் சம்பளம் 19,500 ரூபாய். அந்த வேலையையும் அவர்கள் வாங்கித் தரவில்லை. வழக்கு நடப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

2022 ஜூனில் சேர்ந்தேன். அப்பா அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர். சேர்க்கை அறையில் குளிர்சாதனம், கண்ணாடி மேசை, அதன்மேல் கவுன் அணிந்த பெண்களின் படங்கள் கொண்ட தடித்த கோப்பு. துணி மாதிரிகள் ஒட்டிய அட்டை ஒன்றும் கிடந்தது. ஆலோசகர் அம்மையார் பாரிஸ், மிலான் என்று பேசிக்கொண்டிருக்க, அப்பா அந்த அட்டையை எடுத்து ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, “இதில் பட்டு என்று எழுதியிருப்பது பாலியஸ்டர் அம்மா. துணியைப் பற்றி எந்த மாதம் சொல்லிக் கொடுப்பீர்கள்?” என்று கேட்டார்.

“அதெல்லாம் தியரி சார். நாங்கள் கிரியேட்டிவிட்டிக்குத்தான் முக்கியத்துவம் கொடுக்கிறோம்” என்றார் அந்த அம்மையார். எனக்கு அப்பாவை நினைத்துக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் எனக்கு ஏறக்குறைய இரண்டு லட்ச ரூபாய் செலவு வைத்தது.

ஓராண்டுக் கட்டணம் 1,20,000 என்றுதான் சொன்னார்கள். சேர்ந்த வாரத்திலேயே ‘கிட்’ என்று 14,500. வளைவு ஸ்கேல், எல் ஸ்கேல், கத்தரிக்கோல், அளவு நாடா, டிரேசிங் வீல், பென்சில்கள், ஒரு பை. பாரிமுனையில் விசாரித்துப் பார்த்தேன். பையோடு சேர்த்து 2,300 ரூபாய்க்கு மேல் போகவில்லை. தொழிற்சாலைப் பார்வையிடல் என்று 6,000. பஸ்ஸில் போய் ஒரு ஆயத்த ஆடைக் கூடத்தின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். ஃபேஷன் ஷோவுக்கு 25,000. போர்ட்ஃபோலியோ, அதாவது எங்கள் வேலையைக் காட்டும் படத்தொகுப்பு, அதற்கான படப்பிடிப்புக்கு 18,000. தேர்வும் சான்றிதழும் 8,500. கூட்டினால் 1,92,000.

வகுப்பில் 42 பேர். தையல் இயந்திரங்கள் ஆறு, அவற்றில் இரண்டு ஓடாது. பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான காகித வடிவம், போடும் வகுப்பு ஆண்டு முழுவதும் எட்டுதான் நடந்தது. எடுத்தவர் முந்தைய ஆண்டு அங்கேயே படித்து முடித்த பெண். பாவம், அவருக்கும் தெரியாது. மீதி நாளெல்லாம் தலையைப் போல ஒன்பது மடங்கு உயரத்தில் மெலிந்த பெண் உருவங்களை வரைந்து வண்ணம் தீட்டினோம். அழகாகவே வரைவேன். அந்த உடம்பில் கிடக்கும் துணி எப்படி விழும், எங்கே வெட்ட வேண்டும், எத்தனை மீட்டர் பிடிக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஃபேஷன் ஷோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆளுக்கு மூன்று உடைகள். எங்களுக்குத் தைக்கத் தெரியாது என்பது நிர்வாகத்துக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆகவே கோடம்பாக்கத்தில் ஒரு தையல்காரரின் முகவரியைக் கொடுத்தார்கள். அவருக்கு 9,000 ரூபாய் கையில் கொடுத்தேன். ரசீது இல்லாததால் அதை வழக்கில்கூடச் சேர்க்க முடியவில்லை. ஓட்டல் அரங்கில் என் மூன்று உடைகளும் மேடையில் இருந்தது மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். முதல் வரிசையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா மட்டும், நான் மேடையிலிருந்து இறங்கி வந்ததும், “பாப்பா, அந்தப் பச்சைச் சட்டையில் கோடு தோளில் பொருந்தவில்லையே, பார்த்தாயா?” என்றார். நான் பார்த்திருக்கவில்லை.

வேலைவாய்ப்புக்கு வருகிறேன். விளம்பரத்தில் “100% வேலைவாய்ப்பு” என்பது பெரிய எழுத்தில் இருக்கும். அதன் பின்னால் “உதவி” என்ற சொல் எறும்பு அளவில் இருக்கும். 2023 ஜூலையில் அந்த உதவி வந்தது: எங்களில் 19 பேரை ஒரு வேனில் ஏற்றித் திருப்பூருக்கு அனுப்பினார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸைத் திருப்பிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருந்தால் அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட், நின்றபடியே. மாதம் 11,000. செக்கிங்கைத் தாழ்வாகச் சொல்லவில்லை. என் மேசையில் நின்ற அக்கா எட்டாம் வகுப்பு. என்னைவிட இரண்டு மடங்கு வேகம், ஒரு பீஸ்கூடத் திரும்பி வராது. அவர் அந்த வேலைக்கு யாருக்கும் 1,92,000 கட்டவில்லை, அவ்வளவுதான்.

நிலையத்துக்குப் போன் செய்தால், “ஃபீல்டில் நுழைந்துவிட்டீர்கள், இனி உங்கள் திறமை” என்றார்கள். சான்றிதழை வைத்து வேறு இடம் தேடலாம் என்றால், நான் சேரும்போது கொடுத்த பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியல்கள் அவர்களிடம். ‘நிலுவை’ என்று இன்னும் 7,000 கேட்டார்கள். எதற்கு என்று இன்றுவரை சொல்லவில்லை.

விடுதியில் என் அறையில் இருந்த பெண், கோயம்புத்தூர் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் படித்தவள். அவள் வேலை செய்த கம்பெனியின் சாம்பிள் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று அழைத்துப் போனாள். அங்கிருந்த பேட்டர்ன் மாஸ்டர் ஒரு டி-ஷர்ட்டையும் அளவுப் பட்டியலையும் கொடுத்து, மார்பளவு எடுக்கச் சொன்னார். சட்டையைக் கையில் தூக்கிப் பிடித்து நாடாவை வைத்தேன். பட்டியலில் 52 செ.மீ.; எனக்கு 53.5 வந்தது. “பீஸ் தவறு” என்றேன்.

“மேசையில் படுக்க வை, பாப்பா. பின்னல் துணி இழுத்த பக்கம் வரும். அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்.” உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டு அவரே எடுத்தார். 52.

பிறகு வட்டமாக வெட்டும் கருவியால் அதே துணியில் ஒரு துண்டு வெட்டித் தராசில் வைத்தார். 1.8 கிராம். “வட்டம் 100 சதுர சென்டிமீட்டர். நூறால் பெருக்கு.” 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 180 கிராம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாஸ்டர் பயந்துபோய் டீ வாங்கி வரச் சொன்னார். வேலை கிடைத்தது, என் சான்றிதழை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று இரவு அப்பாவிடம் இதைச் சொன்னேன். “இதைத்தானே அந்த அம்மாவிடம் கேட்டேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது சேரப்போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் நிலையத்தின் சுவரில் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழும் உத்யம் பதிவும் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. “அரசு அங்கீகாரம்” என்று அவற்றைத்தான் காட்டினார்கள். ஐஎஸ்ஓ ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்கானது. உத்யம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளும் சிறுதொழில் பதிவு. இரண்டுக்கும் படிப்புக்கும் தொடர்பே இல்லை. பட்டம் தருவோம் என்றால் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டு, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் பட்டியலில் நீங்களே தேடுங்கள். தரமணியில் மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்ட் இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு, செலவும் அதிகம். அது முடியாதென்றால் ஐடிஐயில் தையல் தொழில்நுட்பம், ஃபேஷன் டிசைன் என ஓராண்டுப் பிரிவுகள் இருக்கின்றன. அரசு ஐடிஐயில் ஆகும் செலவைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. எங்கே போனாலும் இயந்திரங்களை எண்ணுங்கள், ஓடுகிறதா என்று மிதித்துப் பாருங்கள். போன ஆண்டு படித்தவர்களிடம், நிர்வாகம் தரும் எண்ணில் இல்லாமல், நீங்களாகத் தேடிப் பேசுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கினேன். வழக்கறிஞர் நோட்டீஸ் போன பத்தாம் நாள் மதிப்பெண் பட்டியல்கள் கூரியரில் வந்துவிட்டன. பணம் வரவில்லை. 2024இல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன்; ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் ஆணையம் எடுத்துக்கொள்ளுமா என்பதிலேயே சிக்கல் வரும், இது வெறும் பயிற்சி நிலையம் என்பதால் வாதாட இடமிருக்கிறது என்றார் வழக்கறிஞர். அவர்களுக்கு அங்கீகாரம் இல்லாததால் எனக்குக் கிடைத்த ஒரே பயன் இது. இதுவரை ஆறு வாய்தா.

என் படத்தை விளம்பரத்திலிருந்து நீக்கச் சொல்லி எழுதியதற்கு, “போர்ட்ஃபோலியோ படங்களின் உரிமை நிலையத்துக்கு உண்டு, விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்” என்று பதில் வந்தது. ஆம், 18,000 ரூபாய் கொடுத்து எடுத்த அதே படம். சிவகாசிப் பெண், “கையில் இருப்பது உங்கள் ஸ்கெட்ச் புத்தகமா அக்கா, அழகாக இருக்கிறது” என்றும் கேட்டிருந்தாள். அது என்னுடையது இல்லை. படப்பிடிப்புக்கு வந்த எல்லார் கையிலும் மாற்றி மாற்றி அந்த ஒரே புத்தகத்தைத்தான் கொடுத்தார்கள்.