முதல் தோல் வேலை: சாவிப்பட்டையா, கார்டு ஹோல்டரா, பெல்ட்டா?

தோல் வேலை பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் கைவைக்கிறார்கள். மூன்றையும் செய்து பார்த்த பிறகு என் தீர்ப்பு இதுதான்: கற்றுக்கொள்வது நோக்கம் என்றால் கார்டு ஹோல்டர். மற்ற இரண்டையும் ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் அவற்றிடமிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

சாவிப்பட்டை சின்ன வேலை. மிச்சத் தோல் துண்டு போதும். வளையத்தில் கோத்து, மடித்து, பத்துப் பன்னிரண்டு தையல் போட்டால் முடிந்தது. சிக்கலும் அதுதான், கை தையலுக்குப் பழகத் தொடங்கும்போதே வேலை தீர்ந்துவிடும். கத்தியும் ஊசியும் கையில் எப்படி நிற்கின்றன என்று பார்க்க ஒன்றிரண்டு செய்யுங்கள், போதும்.

பெல்ட் பார்க்கத்தான் பெரிய வேலை. பக்கிளைத் தைக்காமல் திருகு போட்டே மாட்டிவிடலாம். ஆனால் 3.5 முதல் 4 மி.மீ. தடிமனில், ஒரு மீட்டருக்கும் மேல் நீளமாக, முதுகுப் பகுதித் தோல் வேண்டும் (வயிற்றுப் பகுதி என்றால் நாளடைவில் இழுபட்டு நீண்டுவிடும்). அதை நேர்கோட்டில் வெட்டும்போது கத்தி ஒரு முறை விலகினாலும் மொத்தப் பட்டையும் வீண். முன்பே வெட்டிய பட்டையாக வாங்கினால் அந்தப் பயம் இல்லை, வெட்டப் பழகும் வாய்ப்பும் இல்லை. ஒரு விஷயத்தில் பெல்ட்டை அடிக்க எதுவும் கிடையாது: விளிம்பு. இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு மீட்டருக்கு மேல் முனை சீவி, உப்புத்தாள் போட்டு, ஈரம் தொட்டுத் தேய்த்து முடிக்கும்போது, எவ்வளவு ஈரம், எவ்வளவு அழுத்தம் என்பது கைக்கே தெரிந்துவிடும்.

சரி, கார்டு ஹோல்டருக்கு வருவோம். இதற்கு 1 முதல் 1.2 மி.மீ. தோல், உள்ளங்கை அளவில் இரண்டு மூன்று துண்டுகள். ஒன்று கெட்டால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம், மனம் பதறாது. அளவெடுப்பதிலேயே பாடம் ஆரம்பிக்கிறது. வங்கி அட்டையின் அகலம் 85.6 மி.மீ. இரண்டு பக்கமும் தையலுக்கும் விளிம்புக்குமாகத் தலா 4 மி.மீ. விட வேண்டும், அட்டை நுழைந்து வரக் கொஞ்சம் இடமும் வேண்டும். எனவே மொத்தம் 98 மி.மீ. வைத்தால் சரியாக வரும். இதை முதலில் அட்டைக் காகிதத்தில் வெட்டி, ஒரு கார்டைச் செருகிப் பார்த்துவிட்டுத் தோலைத் தொடுங்கள். வெட்டும்போது இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, மெதுவாக மூன்று நான்கு முறை ஓட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் தோல் கத்தியோடு நகரும்.

அப்புறம் தையல். மூன்று பக்கமும் 4 மி.மீ. இடைவெளியில் துளையிட்டால் சுமார் 60 துளை வரும். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக நுழைப்பதுதான் சேடில் ஸ்டிட்ச். தைக்க வேண்டிய நீளத்தைப் போல நான்கு மடங்கும், கடைசியில் பிடித்து இழுக்கக் கொஞ்சமும் நூல் எடுங்கள். எந்த ஊசி முதலில் போகிறது என்பதைக் கடைசிவரை மாற்றக் கூடாது. மாற்றினால் தையலின் சாய்வு அந்த இடத்தில் மட்டும் மாறித் தெரியும். முதல் இருபது துளைகளில் தடுமாறும் கை மூன்றாவது பக்கம் வரும்போது தாளத்துக்கு வந்துவிடுகிறது. சாவிப்பட்டையில் இதற்கு இடமே இல்லை. இத்தனை சிறிய வேலைக்குத் தையல் இயந்திரம் தேவையில்லை. இயந்திரத் தையலில் ஒரு நூல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளர ஆரம்பிக்கும், கைத்தையல் அவ்வளவு எளிதில் பிரியாது.

தோலில் தாவரப் பதனீடா (மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது), குரோமா (குரோமிய உப்பில் பதனிட்டது)? மென்மையான பைக்கும் ஜாக்கெட்டுக்கும் குரோம் அருமையான தோல்தான், ஆனால் பழகுவதற்கு அதை வாங்காதீர்கள். வளைந்து கொடுப்பதால் நேராக வெட்டுவது கடினம், வெட்டிய விளிம்பில் பல சமயம் நீலச் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும், எவ்வளவு தேய்த்தாலும் அந்த விளிம்பு மெருகேறாது. பெயிண்ட் அடிக்க வேண்டும், அல்லது மடித்துத் தைக்க வேண்டும். தாவரப் பதனீட்டுத் தோல் விறைப்பாக நிற்கும், ஈரத்தில் தேய்த்தால் விளிம்பு கண்ணாடி போல ஆகும், வெயிலும் கையும் பட்டு நிறம் கனிந்துகொண்டே போகும். ஈரமாக இருக்கும்போது இரும்புத் தூள் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறுப்புக் கறை பிடித்துவிடும்.

கிட் வாங்குவதானால் துளை போடாத கிட்டாகத் தேடுங்கள். துளையோடு வருவதில் தையல் மட்டும்தான் மிஞ்சுகிறது; கோடு போட்டு, விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் துளையை நிறுத்துவதில்தான் பாதி வேலை இருக்கிறது. முதல் கார்டு ஹோல்டர் முடிந்ததும் பெல்ட்டுக்குத் தாவாமல், முன்பு வெட்டிய அதே அட்டைக் காகித மாதிரியை வைத்து உடனே இன்னொன்று வெட்டுங்கள். எந்த மூலையில் நூல் தளர்ந்தது, எங்கே விளிம்பு ஏறி இறங்கியது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.